நாணம் மறைத்த நோய்

பாரசீகப் பேரரசன் தாரியஸைப் பற்றிப் பாடம் நடத்தாத சரித்திர ஆசிரியர் அரியர். நானும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அவன் அமைத்த இராஜபாட்டை, வெளியிட்ட பொன் நாணயம், கிரேக்கரோடு மூட்டிய போர் யாவற்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டதுண்டு. ஆயினும், அவன் அரசி அட்டோஸாவைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியுள்ள ஒரு சிறு செய்தியை மட்டும் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

மாமன்னன் சைரஸின் மகளான அவ்வரசியின் மார்பில் ஒரு கட்டி தோன்றிற்று. அது சிறிதாக இருந்தவரையில் நாணத்தால் ஒருவரிடமும் உரைக்காமல் மறைத்துவைத்தாள். உடைந்து புண்ணாகிப் பரவிய பின்னரே டெமோஸிடஸ் என்னும் கிரேக்க வைத்தியனை அழைத்தாள். தான் கேட்பதைத் தரவேண்டும் என்று ஆணை வாங்கிக்கொண்டு அவன் குணப்படுத்தினானாம். அது புற்றுதானா என்று இன்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. அரண்மனையிலேயே வைத்தியர் இருந்தும் வாய் திறக்கவொட்டாத அந்த நாணம்தான் என் மனத்தைத் தைக்கிறது.

ஆசிரியப் பயிற்சி முடித்து 1982-ல் முதன்முதல் வகுப்பில் நின்றேன். மாணவியரும் அமர்ந்திருந்த அவ்வகுப்பில் ‘மார்பு’ என்னும் சொல்லைச் சொல்ல என் நாக் கூசிற்று. சில மாதங்களில் என் தமக்கையார் தம் மார்பில் பட்டாணியளவு கட்டி ஒன்றைத் தடவியறிந்திருக்கிறார். வலி இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிட்டார். ஓராண்டுக்கு மேல் கழித்து, இரவிக்கையில் குருதிக் கறை கண்ட பின்பே என் தாயாரிடம் வாய் திறந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரும்பாட்டால் அடையாற்றில் 1954-ல் தொடங்கிய மருத்துவமனை அப்பொழுது முப்பதாண்டு கண்டிருந்தது. போய்ச் சேர இடம் இருந்தது. போகவேண்டிய காலம் கடந்திருந்தது. 1985-ல் தமக்கையார் மறைந்தார்.

அதன் பின்னர் நான் தேடிப் படித்தவற்றுள் ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னியின் கடிதம் ஒன்று மறக்கவொண்ணாதது. 1752-ல் பிறந்து, 1778-ல் ‘எவெலினா’ என்னும் நாவலால் புகழெய்திய இவ்வம்மையார், பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணந்து பாரிஸில் வாழ்ந்தார். 1810-ல் வலது மார்பில் இலேசான வலி கண்டது. கணவர் வைத்தியரிடம் காட்டும்படி மன்றாடியும், தானே தீர்ந்துவிடும் என்று நாள் கடத்தினார். முடிவில் நெப்போலியனின் படை வைத்தியர் லாரே முதலியோர் அறுவை ஒன்றே வழி என்றனர். 1811 செப்டம்பர் 30-ஆம் நாள் கறுப்புடை அணிந்த எழுவர் அவர் இல்லத்தினுள் நுழைந்தனர். மயக்க மருந்து அறுவை மேசைக்கு வந்ததாகப் பலரறியக் காட்டப்பட்டதோ 1846-ல். அன்று அவருக்குக் கிடைத்தது சிறிது மதுவே. முகத்தின்மேல் மெல்லிய கைக்குட்டையொன்றைப் போர்த்தினர். அத்துணியினூடே கத்தியின் மினுமினுப்பை அவர் கண்டார்! இருபது நிமிடம் அவ்வேதனையைப் பொறுத்ததாக எழுதுகிறார். பல மாதங்கள் அதைப் பற்றிப் பேசவும் நெஞ்சம் துணியவில்லை. அப்படியிருந்தும், தம் சகோதரி எஸ்தருக்கு அனைத்தையும் எழுதினார். தாம் கொண்டிருந்த பொய்த் துணிவு தம் சகோதரியருக்கும் அவர்தம் பெண்களுக்கும் எச்சரிக்கையாகட்டும் என்பது அவர் கருத்து. அறுவைக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1840-ல் காலமானார்.

பர்னிக்கு வலி இருந்தது. என் தமக்கைக்கு இல்லை. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை முன்பே அறிந்திருந்தால்! மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தட்டுப்படும் கட்டி அல்லது தடிப்பு, ஒரு மார்பு மட்டும் அளவிலோ வடிவிலோ மாறுதல், தோலில் குழி விழுதல், கிச்சிலிப் பழத் தோல்போல் தடித்துப் புள்ளிபுள்ளியாதல், முன்பு இயல்பாயிருந்த காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பைச் சுற்றி ஆறாத சொறி, பிழியாமலே கசியும் நீர், அதிலும் குருதி கலந்தது: இவற்றுள் ஒன்று கண்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். இவ்வாறு காட்டப்படும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆடவருக்கும் அரிதாக இந்நோய் வருவதுண்டு. கைக்கு அகப்படுமுன்பே கட்டியைக் காட்டவல்ல மம்மோகிராம் என்னும் எக்ஸ்ரே பரிசோதனையும் இக்காலத்தில் உண்டு. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருப்பின், அப்பரிசோதனையை எவ்வயதில் தொடங்குவது என்று வைத்தியரை முன்னரே கேட்டறிதல் தகும்.

நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், பர்னி அம்மையாரின் கடிதச் செய்தியை எளிய தமிழில் எழுதித் தமக்கையின் பெண்கள் இருவருக்கும் அனுப்பினேன். ‘மார்பு’ என்று எழுதும்போது பேனா சற்றே தயங்கியதென்னவோ உண்மை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மூத்தவள் மறு வாரமே தங்கையையும் அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போய்வந்தாள்.