பிடசோவா: ஓதம் வகுத்த எல்லை

ஸ்பெயினின் நவார் மலைநாட்டில், பாஸ்தான் பள்ளத்தாக்கில் உருவாகிப் பிஸ்கே விரிகுடாவில் கலக்கும் பிடசோவா, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சிற்றாறு. அதிலும் எந்தார்லாட்சாவுக்குக் கீழே, கடலை நெருங்கும் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் அளவில்தான் அது ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் எல்லையாகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அக்கழிமுகத்தில் நாள்தோறும் இருமுறை ஏறியிறங்கும் ஓதம், அரசர்களின் ஆணைகளுக்கு இணையாக இவ்வெல்லையின் வரலாற்றை வகுத்துள்ளது.

மேற்குக் கரையிலுள்ள ஓந்தாரிபியா நகரத்தார், உயர் ஓதம் எதிர்க்கரையில் எதுவரை ஏறுகிறதோ அதுவரை ஆறு முழுவதும் தமக்கே உரியது என்று வாதிட்டதால், கிழக்குக் கரை ஹெண்டாய் மீனவர்களோடு நூற்றாண்டுக் கணக்கில் பூசல் நீடித்தது. நடு ஆற்றிலுள்ள ஃபெசன்ட் தீவில் 1659 நவம்பர் 7 அன்று பிரனீஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி இரு பேரரசுகளின் போர் ஓய்ந்தபோதும் மீன்பிடி வழக்கு ஓயவில்லை. 1856-ஆம் ஆண்டின் பயோன் உடன்படிக்கைதான், தாழ் ஓதத்தின்போது முதன்மை நீரோட்டம் செல்லும் தடத்தின் நடுக்கோட்டை எல்லையாக ஏற்று, அத்தீவை இரு நாடுகளுக்கும் பிரிக்கப்படாத பொதுவுடைமை ஆக்கியது. அதன் ஆட்சிப் பொறுப்பு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கைமாறும் முறை 1901-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஏற்பட்டது. அரசர்களின் சமாதானத்தைக் காட்டிலும் வலைஞர்களின் வழக்கே எல்லையைத் துல்லியமாக்கியது என்பது கருதத்தக்கது.

போர்க்களத்திலும் ஓதத்தை அறிந்தவரே வென்றனர். கழிமுகத்தைக் கால்நடையாகக் கடக்க இயலாது என்று பிரெஞ்சுத் தளபதி சூல்ட் நம்பியிருக்க, உள்ளூர் மீனவர்களிடம் தாழ் ஓதத் துறைகளைக் கேட்டறிந்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை, 1813 அக்டோபர் 7 அன்று நீரில் இறங்கி நடந்தே பிரெஞ்சு மண்ணை அடைந்தது.

அந்த ஓதம் வெளிப்படுத்தும் சேற்றுப் பரப்பில் புழுக்களும் சிப்பிகளும் செழிப்பதால், பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையைச் சுற்றிச் செல்லும் வலசைப் பறவைகள், கரண்டிவாயன் உள்ளிட்டவை, இக்கழிமுகத்தின் சிங்குடி விரிகுடாவில் இறங்கி இரைதேடுகின்றன. இச்சதுப்பின் ஒரு பகுதியைத் தூர்த்து விமான நிலைய ஓடுதளம் அமைத்தது பேரிழப்பே. எனினும் வேளாண்மைக்காக வரப்பிட்டுக் கடல்நீரைத் தடுத்திருந்த பிளாயாவுந்திச் சதுப்பில், 1990-களின் இறுதியில் ஓதநீர் மீண்டும் உள்ளே விடப்பட்டது.

மனிதர்களும் இவ்வெல்லையைக் கடந்துள்ளனர்: 1936 செப்டம்பரில், ஸ்பானிய உள்நாட்டுப் போரில், ஸ்பெயின் கரையிலுள்ள இருன் நகரம் எரிந்தபோது ஸ்பானிய அகதிகள் இவ்வாற்றைக் கடந்து பிரான்சில் உயிர் பிழைத்தனர். அண்மைய ஆண்டுகளில் பாலங்களில் பிரெஞ்சுக் காவல் இறுகியதால் நீந்திக் கடக்க முயன்ற ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலர், 2021 முதல் இதே நீரில் மூழ்கி மாண்டுள்ளனர்.