குண்டு அதிர்ச்சி: முதல் உலகப் போரில் ஆண்மையும் மனநோயும்

குண்டு அதிர்ச்சி (ஷெல் ஷாக்) என்பது முதல் உலகப் போரின்போது, 1914 முதல் 1918 வரை, போர்முனையில் இருந்த வீரர்களிடம் காணப்பட்ட மனநோய்க்கு வழங்கிய பெயர். உடலில் காயம் எதுவும் இல்லாத வீரர்கள் பேச்சிழந்தனர். பார்வையும் நினைவும் இழந்தனர். கை கால் நடுங்கி, உறக்கமின்றித் தவித்தனர். பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இதற்காகச் சிகிச்சை பெற்றதாகக் கணக்கிடுவர்.

பள்ளி வரலாற்று நூல்கள் இப்போரின் காரணங்களையும் விளைவுகளையும் வரிசைப்படுத்திச் சொல்லும். போரிட்டவர்களின் மனம் பற்றி அவற்றில் அதிகம் இராது. ஆனால், ஆணுக்கு எது அழகு என்று ஒரு சமூகம் கற்பிக்கும் பாடம் அவன் மனநோயின் வடிவத்தையும் அவனுக்குக் கிடைக்கும் சிகிச்சையையும் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இந்நோயின் வரலாறு தெளிவான சான்றாக உள்ளது.

வீரம் பற்றிய பாடம்

அக்காலப் பிரிட்டனில் வசதியான குடும்பத்துப் பையன்கள் 'பப்ளிக் ஸ்கூல்' எனப்படும் தனியார் உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தனர். வலியைக் காட்டக் கூடாது, அச்சத்தைச் சொல்லக் கூடாது என்பவை அங்கு விளையாட்டுத் திடலிலேயே பழக்கப்படுத்தப்பட்டன. நம் வீடுகளில் 'ஆம்பளப் புள்ள அழலாமா?' என்று கேட்பதன் ஆங்கில வடிவம் அது.

1916 ஜனவரியில் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் வரும்வரை பிரிட்டன் தன்னார்வலர்களை நம்பியே போரிட்டது. ஆகவே ஆண்மை குறித்த பெருமிதமும் வெட்கமும் ஆள் சேர்க்கும் கருவிகளாயின. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி, சீருடை அணியாத இளைஞர்களுக்கு வெள்ளை இறகு கொடுக்கும்படி பெண்களைத் திரட்டினார். வெள்ளை இறகு கோழைத்தனத்தின் அடையாளம். போருக்குப் போகாதவன் ஆணல்ல என்ற எண்ணம் இவ்வாறு கடைத்தெரு வரை வந்தது. அந்த எண்ணத்தோடு போனவர்கள்தாம் பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் அசையாமல் கிடந்து பீரங்கிக் குண்டுகளை எதிர்கொண்டனர்.

பெயர் வந்த கதை

1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற உளவியலாளர் 'லான்செட்' மருத்துவ இதழில் மூன்று வீரர்களின் நிலையை விவரித்து எழுதிய கட்டுரையின் மூலம் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ உலகில் பரவியது. அருகில் வெடித்த குண்டின் அதிர்வு மூளையையும் நரம்புகளையும் பாதித்திருக்கும் என்றே முதலில் கருதினர். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் இதே நோய் வந்தது. அதன்பின் மையர்ஸே அச்சொல் பொருத்தமற்றது என்ற முடிவுக்கு வந்தார்.

இராணுவத்துக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. எதிரியின் குண்டால் வந்தது என்றால் அது போர்க்காயம். வேறு காரணத்தால் வந்தது என்றால் அது வெறும் நோய். முன்னவருக்குக் காயப்பட்டவர் என்ற மதிப்பும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. பின்னவருக்கு அவை இல்லை. ஒரே நடுக்கம், ஒரே உறக்கமின்மை. ஆனால் தாளில் எழுதப்பட்ட வகையைப் பொறுத்து ஒருவர் வீரர், மற்றவர் பலவீனர். 1917இல் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லைப் போர்முனை மருத்துவர்கள் பயன்படுத்தக் கூடாது என்றே ஆணை பிறந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. இத்தகைய அறிகுறிகளை மருத்துவர்கள் 'ஹிஸ்டீரியா' என்று அழைத்துவந்தனர். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயர், நெடுங்காலம் பெண்களின் நோய்ப் பெயராகவே வழங்கியது. அந்த நோய் ஆயிரக்கணக்கான படைவீரர்களுக்கு வந்ததை ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகம் தடுமாறியது.

அதிகாரியின் நோய், சிப்பாயின் நோய்

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் (1864–1922) தமிழ் வாசகர்களுக்கு வேறொரு வகையில் அறிமுகமானவர். நீலகிரியில் தங்கி, தோடர்களைப் பற்றி ஆராய்ந்து 1906இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் அவரே. மருத்துவருமான அவர் போர்க்காலத்தில் மனம் நொந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார்.

சாதாரணச் சிப்பாய்களிடம் பேச்சிழப்பும் கை கால் செயலிழப்பும் மிகுதி என்பதையும், அதிகாரிகளிடம் பதற்றம், கொடுங்கனவு, உறக்கமின்மை ஆகியவை மிகுதி என்பதையும் அவர் கவனித்தார். இந்த வேறுபாட்டை அவர்களின் கல்வி, பயிற்சி ஆகியவற்றோடு இணைத்து விளக்கினார். சிப்பாய்க்குக் கற்பிக்கப்பட்டது கீழ்ப்படிதல். எதிர்த்துப் பேச வழியில்லாதவனின் மறுப்பை அவன் உடலே வெளிப்படுத்தியது. அதிகாரிக்கோ சிறுவயது முதல் அச்சத்தை அடக்கும் பழக்கம்; அதன்மேல் தன் கீழுள்ளவர்கள் முன் கலங்காமல் நிற்கும் கடமை. அடக்கியது இரவில் கனவாக எழுந்தது.

சிகிச்சையிலும் இதே வேறுபாடு தெரிந்தது. எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் என்ற இடத்தில், நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த கட்டடம் 1916இல் அதிகாரிகளுக்கான மருத்துவமனை ஆயிற்று. ரிவர்ஸ் அங்கே நோயாளிகளைப் பேசச் செய்தார். 'மறந்துவிடு' என்று சொல்வதே நோயை வளர்க்கிறது என்பது அவர் கருத்து. 1917 டிசம்பரில் ஆற்றிய உரையில் ஓர் அதிகாரியைப் பற்றிக் கூறினார். குண்டில் சிதறிய நண்பனின் உடல் அந்த அதிகாரியின் கனவில் ஓயாமல் வந்தது. நண்பன் வலியறியாமல் நொடியில் இறந்திருப்பான் என்பதை ரிவர்ஸ் எடுத்துச் சொன்னார். அதன்பின் அக்கனவு துக்கம் நிறைந்ததாக, ஆனால் அச்சமற்றதாக மாறியது.

சிப்பாய்களில் பலருக்கு இத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த ஒரு சிப்பாயை அறைக்குள் பூட்டி, பேசும்வரை தொண்டையில் மின்சாரம் பாய்ச்சியதைத் தம் 1918ஆம் ஆண்டு நூலில் வெற்றியாகவே பதிவு செய்துள்ளார். வீரனுக்குரிய நடத்தையை நினைவூட்டுவதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதி.

ரிவர்ஸின் பணியிலும் ஒரு முரண் இருந்தது. குணமடைந்தவர் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்படலாம். போரை எதிர்த்து அறிக்கை விட்டதால் 1917இல் கிரெய்க்லாக்ஹார்ட்டுக்கு அனுப்பப்பட்ட கவிஞர் சிக்ஃபிரிட் சசூன், பின்னர் போருக்குத் திரும்பினார். அதே ஆண்டு அங்கு சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃபிரட் ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர் நிற்க ஒரு வாரம் இருக்கையில் களத்தில் இறந்தார்.

விடியற்காலைத் துப்பாக்கிகள்

மருத்துவமனை வரை போகாதவர்களும் உண்டு. முனையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை 306 பேரைச் சுட்டுக்கொன்றது. பெரும்பாலோர் சாதாரணச் சிப்பாய்கள். அவர்களில் சிலர் முன்பே குண்டு அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற்றிருந்தவர்கள். மனம் உடைந்ததைக் குற்றம் என்று படித்த நீதிமன்றம் அது. தண்டனை கொல்லப்பட்டவரோடு முடியவில்லை. 'கோழையின் குடும்பம்' என்ற இழிசொல்லைப் பிள்ளைகளும் பேரர்களும் சுமந்தனர்.

1922இல் சவுத்பரோ பிரபு தலைமையிலான அரசுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நல்ல பயிற்சியும் தலைமையும் உள்ள படைப்பிரிவுகளில் இந்நோய் குறைவு என்று கூறி, 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே கைவிடப் பரிந்துரைத்தது. நோய் வருவது பயிற்சிக் குறைவின் அடையாளம் என்ற பழைய எண்ணம் அதிலும் தொடர்ந்தது. கோழைத்தனத்துக்கும் ஓடியதற்கும் இருந்த மரண தண்டனை 1930இல் நீக்கப்பட்டது. அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கும் சட்டம் 2006இல்தான் வந்தது.

வரலாறு கற்பிப்பது

வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இலக்கிய ஆய்வாளர் எலெய்ன் ஷோவால்டர் 1985இல் எழுதிய நூலில், குண்டு அதிர்ச்சி என்பது போரை மட்டுமன்றி ஆண்மை பற்றிய கட்டாயங்களையும் எதிர்த்து உடல் எழுப்பிய குரல் என்று விளக்கினார்.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அச்சம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதைச் சொல்லும் உரிமைதான் ஆளுக்கு ஆள் மாறியது. அந்த உரிமை கிடைத்தவர்களில் சிலர் நாற்காலியில் அமர்ந்து பேசி உறக்கத்தைத் திரும்பப் பெற்றனர். கிடைக்காதவர்களில் சிலர் கம்பத்தில் கட்டப்பட்டனர். 'பயமாக இருக்கிறது' என்று ஓர் ஆண் சொல்லும்போது அதைக் கேட்பவர் என்ன செய்கிறார் என்பதிலும் அவன் மனநலம் அடங்கியிருக்கிறது.