மெத்துமெத்துன்னு இருந்தா போதுமா? ரன்னிங் ஷூ வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கடையில் ரன்னிங் ஷூவை எடுத்ததும் பலரும் முதலில் செய்வது, கட்டைவிரலால் அடிப்பகுதியை அமுக்கிப் பார்ப்பதுதான். மெத்தை மாதிரி அமுங்கினால் ‘சூப்பர் ஷூ’ன்னு பில் போட்டுவிடுவார்கள். ஆனால் காலுக்கு இதமாக இருப்பது வேறு, ஓட்டத்துக்கு உதவுவது வேறு.

குஷனுக்கு ரெண்டு வேலை

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. அப்போது ஷூவின் நடு அடுக்கான மிட்சோல் நுரை அமுங்கிக்கொடுக்கிறது. இது முதல் வேலை. அமுங்கிய நுரை மறுபடி விரியும்போது, வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. இது இரண்டாவது வேலை. வேகத்துக்கு உதவுவது இந்தத் துள்ளல்தான். விரலால் அமுக்கினால் இது தெரியாது.

எந்த நுரை எப்படி?

* ஈவிஏ: பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. விலை குறைவு, துள்ளலும் குறைவு. ஓட ஓட தட்டையாகிவிடும்.

* டிபியு: 2013-ல் அடிடாஸின் ‘பூஸ்ட்’ மூலம் பிரபலமானது. துள்ளல் அதிகம், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் எடை கூடுதல்.

* பீபா: 2017-ல் வந்த நைக்கி ‘வேப்பர்ஃப்ளை’ மூலம் பேசப்பட்டது. லேசானது, துள்ளல் மிக அதிகம். விலையும் அதிகம்!

எடையும் முக்கியம். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், ஓடச் செலவாகும் ஆற்றல் சுமார் 1% கூடும்.

4% என்ன கணக்கு?

2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பீபா நுரையும் கார்பன் தகடும் கொண்ட நைக்கி ஷூவை 18 வீரர்கள் அணிந்து ஓடினர். அதே வேகத்துக்கு அவர்கள் செலவிட்ட ஆற்றல் சராசரியாக 4% குறைந்தது. ஆய்வுக்கு நிதி தந்தது நைக்கி. இத்தகைய ஷூக்கள் பெருகியதும், 2020-ல் உலக தடகள அமைப்பு சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாக உயரத்துக்கு 40 மி.மீ. என வரம்பு விதித்தது.

முழங்காலுக்கு நல்லதா?

லக்ஸம்பர்கில் 800-க்கும் மேற்பட்டோரிடம் 6 மாதம் நடந்த ஆய்வில், கடினமான குஷன் அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 50% அதிகமாக இருந்தது. அப்போ தடிமனா வாங்கினா போதுமா? அதுவும் இல்லை. 2018-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், வேகமாக ஓடியபோது தடிமன் குஷன் ஷூவில்தான் தரையில் மோதும் விசை அதிகமாக இருந்தது. அடியில் மெத்தென்று இருந்தால், கால் அதை ஈடுகட்ட விறைப்பாக இறங்குவதே காரணம் என்கிறது அந்த ஆய்வு.

வாங்கும்போது என்ன செய்யணும்?

* நின்று பார்த்தால் போதாது. கடையிலேயே கொஞ்சம் ஓடிப் பாருங்க. கணுக்கால் ஆடினால் அந்த ஷூ வேண்டாம்.

* மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பாருங்க. விரல் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும்.

* தினசரி மெதுஓட்டத்துக்குக் கார்பன் தகடு தேவையில்லை.

* பொதுவாக 500 முதல் 800 கி.மீ. ஓடியதும் குஷன் தளர்ந்துவிடும். மேல்பகுதி புதுசு போல இருந்தாலும் மாத்திடுங்க.

ஷூ மாற்றியும் வலி தொடர்ந்தால், அடுத்த ஷூவைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்க.