மூன்று பாதைகள் கூடும் மலைச் சந்தி

யப்பான் நாட்டிலே, ஹிரோசிமா மாநிலத்தின் வடபால், சோபரா நகரெல்லைக்குட்பட்ட மலைப்பள்ளத்தாக்கில் ஒரு சிறு புகையிரதச் சந்தி உள்ளது. பிங்கோ-ஒச்சியாய் என்பது அதன் பெயர். பிங்கோ அப்பகுதியின் பழைய நாட்டுப்பெயர். ஒச்சியாய் என்பது ஆறுகள் கலக்குமிடத்தைக் குறிக்கும் சொல். ஆறுகளின் கூடலுக்குரிய அப்பெயர், பிற்காலத்தில் இருப்புப்பாதைகளின் கூடலுக்கும் பொருந்தலாயிற்று.

அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று பாதைகள் அங்கே வந்து சேர்ந்தன. 1935இல் மேற்கே ஹிரோசிமாத் திசையிலிருந்தும், 1936இல் கிழக்கே நீமித் திசையிலிருந்தும் வந்த பாதைகள் இணைந்ததே இன்றைய கெய்பிப் பாதை. 1937 டிசெம்பரில் வடக்கேயிருந்து கிசுக்கிப் பாதையும் வந்தடைந்தது. மலையை நேரே ஏற இயலாத அவ்வண்டி, இசுமோ-சகானே நிலையத்திலிருந்து பின்னோக்கி ஏறி, மீண்டும் முன்னோக்கித் திரும்பி, சுமார் 160 மீட்டர் உயரத்தை ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியாற் கடக்கிறது.

அக்காலத்தில் இச்சந்தியில் நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர் பணியாற்றினர். நீராவி எஞ்சின்களைத் திருப்பும் சுழல்மேடையும் இருந்தது. வண்டி மாறுவதற்குக் காத்திருந்தோர் மேடைக்கடையிலே சுடச்சுட ஊடோன் வாங்கி உண்டனர். ஹிரோசிமாவையும் வடகரை நகரங்களையும் இணைத்த 'சிடோரி' கடுகதி வண்டியும் இவ்வழியே ஓடியது.

பின்னர் நிலைமை மாறிற்று. மலைநாட்டு இளைஞர் நகரங்களை நாடினர். 1983இல் சூகோக்கு அதிவேகப்பாதை முழுமை பெற்றது. 1992இல் இசுமோ-சகானேக்கு அண்மையில், மலையைச் சுற்றியேறும் பெருவீதியும் திறக்கப்பட்டது. 1990இலேயே சிடோரி கிசுக்கிப் பாதையில் ஓடுவது நின்றுவிட்டது. 1997இல் நிலையம் ஊழியரற்றதாயிற்று. 2020களின் கால அட்டவணைகளில், பிற்பகலில் ஒருமுறை மாத்திரமே மூன்று திசை வண்டிகளும் அங்கே ஒன்றுகூடின.

கணக்கேடு கூறுவது இன்னும் கடுமையானது. சந்திக்குக் கிழக்கேயுள்ள பகுதியில் 100 யென் வருமானம் ஈட்டுவதற்கு, 2017 முதல் 2019 வரையான சராசரிப்படி, 25,416 யென் செலவாயிற்று. அப்பகுதி உள்ளிட்ட 68.5 கிலோமீட்டர் பாதையின் எதிர்காலத்தை ஆராய, நாட்டரசு கூட்டிய ஆலோசனைச் சபை 2024 மார்ச்சில் முதன்முறையாகக் கூடியது.

அச்சபையின்முன் நிற்பது ஒரு பாதையின் வரவுசெலவு மாத்திரமன்று. அருகிலுள்ள பெருவீதியைப் பொதுப்பணம் பேணுகிறது. அவ்வீதி இலாபம் தருகிறதா என்று எவரும் வினவுவதில்லை. இருப்புப்பாதையிடம் மாத்திரம் அவ்வினா எழுப்பப்படுகின்றது. வாகனமோட்ட இயலாத முதியோருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும், ஒரு நாட்டில் எவ்வளவு தூரம்வரை வழி அமைத்துக் கொடுக்கவேண்டும் என்பதே அங்கே எழுந்துள்ள கேள்வி. அதற்கான விடையைக் கணக்கேட்டில் மட்டும் தேடிக் காணமுடியாது.