கூட்டுரோட்டில் ஓர் ஆலோசனை அறை: சிறுநகர உளவியல் ஆலோசனைத் தொழிலில் கட்டணமும் இரகசியமும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே, மயிலம் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலை பிரியுமிடம் கூட்டேரிப்பட்டு. இத்தகைய ஒரு கூட்டுரோட்டில் உளவியல் ஆலோசகர் ஒருவர் அறை பிடித்துத் தொழில் தொடங்கினால் அது நிலைக்குமா, வளருமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. வருபவரிடம் மட்டும் கட்டணம் வாங்கி அது வளராது; நிறுவனங்களின் பணம் வந்தால்தான் வளரும்; அந்தப் பணம் எந்த அலகில் கணக்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே வருபவரின் இரகசியம் காக்கப்படும் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

தேவையும் கிராக்கியும்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் வாழ்வதாகக் கணித்தது. நோய்வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை என்றும் அது கூறியது. தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தேவை வேறு, காசு கொடுத்து வாங்கும் கிராக்கி வேறு.

கிராக்கியைக் குறைக்கும் முதல் தடை பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்றால் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பொறியியல் இடம் வாங்கித் தரும் கலந்தாய்வு. ‘மனநல’ என்று எழுதினாலோ, படியேறுபவருக்குப் பைத்தியப் பட்டம் கிடைத்துவிடும் என்ற அச்சம். இந்த அச்சத்தைக் கூட்டுரோடு ஓரளவு தணிக்கிறது. அங்கே இறங்கியவரை யாராவது விசாரித்தாலும் சொல்வதற்கு மயிலம் முருகன் கோயில் இருக்கிறது, மாற்றுப் பேருந்து இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது. சொந்த ஊரின் தெருவில் இந்த மறைவு கிடையாது.

இரண்டாவது தடை, அரசின் இலவசச் சேவை. அதே நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணும் உள்ளது. நோயறிதலிலும் மருந்திலும் இவற்றோடு தனியார் அறை போட்டியிட வேண்டியதில்லை. தேவைப்படுவோரை அங்கே அனுப்புவதே முறை. வரிசை நீண்ட புறநோயாளிப் பிரிவில் கிடைக்காதது, ஒருவர் பேசி முடிக்கும் வரை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம். ஆலோசகர் விற்பது அதைத்தான்.

சுருக்க முடியாத மணி நேரம்

இசைக் கச்சேரி போன்ற தொழில்களில் உற்பத்தித்திறன் உயராது, செலவு மட்டும் உயரும் என்று பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966இல் விளக்கினர். விடிய விடிய ஆடும் தெருக்கூத்தை இயந்திரம் வைத்து அரை மணியில் ஆடிவிட முடியாது. ஆலோசனையும் அப்படியே.

ஒரு கணக்குக்காக, நாளொன்றுக்கு 5 அமர்வு, மாதம் 22 நாள், அமர்வுக்கு 300 ரூபாய் என்று கொள்வோம். அனைவரும் வந்தால் 33,000 ரூபாய். நான்கில் ஒருவர் வராமல் போனால் 24,750. இதில் வாடகை, மின்சாரம், உதவியாளர் ஊதியம் எல்லாம் போக வேண்டும். கட்டணத்தை உயர்த்தலாமே எனலாம். 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். 300 ரூபாய்க் கட்டணம் ஏறத்தாழ ஒரு நாள் கூலி; வேலைக்குப் போகாமல் வருபவருக்கு அது இரண்டு நாள் கூலி. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருப்பதால் வழிச்செலவு குறையலாம். இழந்த கூலி திரும்புவதில்லை.

காப்பீடும் கைகொடுப்பதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்வதற்கே பணம் தருகின்றன. வாராவாரம் வந்து பேசிச் செல்பவருக்கு அதனால் பயனில்லை.

தமிழகத்தின் முன்மாதிரிகளிலும் இந்தப் புதிருக்கு விடை இல்லை. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா, 1993இல் பிறந்த பானியன் ஆகிய மூன்றும் சென்னையில் மனநலத் தொண்டு நிறுவனங்களாக வளர்ந்தவை. கட்டணத்தில் வாழும் சிறுநகர அறைக்கு அவை அறத்தைக் கற்பிக்கும், கணக்கைக் கற்பிக்கா.

நாளுக்கா, தலைக்கா?

எஞ்சும் வழி நிறுவனங்கள். மயிலத்தில் தமிழ்க் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் உள்ளன. சுற்றிலும் பள்ளிகள் உள்ளன. மாதம் 6 நாளை நாளுக்கு 2,500 ரூபாய் வீதம் இவ்வகை நிறுவனங்களுக்கு ஒதுக்கினால் 15,000 ரூபாய். மீதி 16 நாளில், வராதவர் போக 60 அமர்வுகள். அவற்றில் பாதிக்குக் கட்டணத்தை 150ஆகக் குறைத்தாலும் 13,500 கிடைக்கும். கூட்டினால் 28,500, முந்தைய 24,750ஐ விட அதிகம். ஏழைக்குக் கட்டணம் குறைகிறது, அறைக்கு வருமானம் கூடுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பணம் கொடுப்பவர் செய்தி கேட்பார்: யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்? மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியத்தைக் காக்கிறது. ஆனால் அது மனநோயுள்ளவர் என்று சட்டம் வரையறுப்பவருக்கானது. தேர்வுப் பயத்தில் தூக்கமிழந்த மாணவி அந்த வரையறைக்குள் வராமல் போகலாம். உளவியலில் முதுகலைப் பட்டம் மட்டும் பெற்ற ஆலோசகரும் சட்டம் சொல்லும் ‘மனநல வல்லுநர்’ ஆகிவிடுவதில்லை. சட்டம் விட்ட இடைவெளியை ஒப்பந்தம்தான் அடைக்க வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் முதன்மையானது கட்டண அலகு. தலைக்கு இவ்வளவு என்றால் பில்லோடு பெயர்ப்பட்டியலும் போக வேண்டும். தணிக்கைக்கு அது நியாயமான கோரிக்கையும்கூட. நாளுக்கு இவ்வளவு என்றால் பட்டியலுக்கே தேவை எழாது. உயிருக்கு ஆபத்து, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய குற்றம் போன்ற விலக்குகளை முதல் நாளே மாணவரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லிவிட வேண்டும். ஆள் அனுப்பியதற்காக மருந்துக்கடைக்கோ மருத்துவருக்கோ கமிஷன் தருவதும் இதே காரணத்தால் கூடாது. யார் யாரை அனுப்பினார் என்ற கணக்கு எழுதும்போதே பெயர் வெளியே போய்விடுகிறது.

ஒரு மறுப்பு

ஆள் சேர்த்து வளரலாமே எனலாம். கோவாவில் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், தொழில்முறைத் தகுதி இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் பயிற்சி பெற்று, 6 முதல் 8 அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்தனர். செலவுக் கணக்கில் இது வலுவான வாதம். ஆனால் கூட்டேரிப்பட்டில் உள்ளூர்க்காரர் என்றால் வருபவரின் மாமியாரையும் அறிந்தவர். கூட்டுரோடு தந்த மறைவு அறைக்குள் நுழைந்ததும் கலைந்துவிடும். ஆகவே மயிலத்துக்காரரைத் திண்டிவனத்திலும் திண்டிவனத்துக்காரரை இங்கும் அமர்த்த வேண்டும். அவர்களை மேற்பார்வையிடும் நேரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும். வளரலாம், மெதுவாக.

முடிவாக

பலரும் கட்டணத்தை வணிகத்தின் பக்கமும் இரகசியத்தை அறத்தின் பக்கமும் வைத்துப் பேசுகிறார்கள். கூட்டேரிப்பட்டுக் கணக்கு இரண்டையும் ஒரே பில்லில் காட்டுகிறது. ஒரு பெயர் வெளியே போனால் அடுத்த மாதம் அந்தப் படியில் ஏற ஆளிருக்காது. நிறுவனத்தைத் திருப்திப்படுத்தப் பட்டியல் கொடுப்பது விதைநெல்லை அவித்துத் தின்பது. எனவே இவ்வகைத் தொழில் தொடங்குபவர் விளம்பரத்துக்கு முன்பாக எழுதி முடிக்க வேண்டியது, பெயர் கேட்காத ஒரு பில்லின் மாதிரியை.