ஆங்கிலச் சொல்தேடல்
தரப்பட்ட எழுத்துகளால் அமையும் ஆங்கிலச் சொற்களைக் கண்டறியும் முறை. ஸ்கிராபிள் ஆட்டத்தின் உயிர்நாடி. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கிய இவ்வாட்டத்தின் ஆங்கிலப் பதிப்பில் 100 வில்லைகள் உண்டு. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் கூடுதல்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் எழுத்துகளை முதலில் அகரவரிசையில் அடுக்கிக்கொள்வர். லிசன், சைலண்ட், என்லிஸ்ட், டின்சல் ஆகியவை ஒலியில் வேறுவேறு. அடுக்கினால் நான்கும் ஈ-ஐ-எல்-என்-எஸ்-டி என்ற ஒரே வரிசைதான். மிக அழகான உத்தி இது: ஆறு எழுத்துகளை 720 விதமாக மாற்றிப் பார்க்கும் வேலையை ஒரே பார்வையில் முடித்துவிடுகிறது. கணினி நிரல்களும் அகராதியை இப்படி அடுக்கிச் சேமிப்பதுண்டு. சொல்லில் வேறு எழுத்துகளும் கலந்திருக்கலாம் எனில், ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒப்பிட வேண்டும்.