தீராத வயிற்றுத் தொல்லை: காஸ்ட்ரோ டாக்டரைப் பார்க்கும் முன் என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

"ரெண்டு மாசமா வயிறு சரியில்ல டாக்டர்." குடல், இரைப்பை சிறப்பு மருத்துவரின் அறைக்குள் நுழையும் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். சரியில்லை என்றால் என்ன? எரிச்சலா, உப்புசமா, பேதியா? சாப்பிட்ட உடனேயா, வெறும் வயிற்றிலா? டாக்டர் திருப்பிக் கேட்டால் பதில் தடுமாறும். காத்திருந்து வாங்கிய அப்பாயிண்ட்மெண்ட்டில் கிடைக்கும் சில நிமிடங்களும் இதிலேயே போய்விடும்.

வயிற்றுப் பிரச்சினைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் காட்டிக் கொடுப்பதில்லை. ஐ.பி.எஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்றே வரலாம். கடந்த 3 மாதங்களாக வாரத்தில் ஒரு நாளாவது வலி இருக்கிறதா, மலம் கழித்தால் அந்த வலி கூடுகிறதா குறைகிறதா, தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகிறதா... இந்தக் கணக்கை வைத்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். கணக்கு நோயாளியின் கையில்தான் இருக்கிறது.

அதனால் 2 வாரத்துக்கு முன்பே செல்போனில் குறிக்கத் தொடங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொல்லை வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை தடவை மோஷன் போனது. மலம் எப்படி இருந்தது என்பதும் முக்கியம். இதற்கென்றே பிரிஸ்டல் அட்டவணை என ஒன்று இருக்கிறது. 1997-ல் வெளியான இது மலத்தை 7 வகையாகப் பிரிக்கிறது. 1, 2 என்றால் மலச்சிக்கல். 3, 4 சீரானது. 6, 7 என்றால் பேதி. சொல்ல வெட்கமாக இருந்தால் எண்ணை மட்டும் எழுதிக் காட்டினாலும் போதும். இந்தத் துறை டாக்டர்களுக்கு இதுதான் அன்றாடப் பேச்சு, முகம் சுளிக்க மாட்டார்கள்.

மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையை, "அது வயித்துக்கு இல்லையே" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கி ரத்தக் கசிவு வரை கொண்டுபோகக் கூடியவை. சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மினால் சிலருக்குப் பேதி ஆகும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுக்கும். பெயர் நினைவில்லை என்றால் அட்டையே பேசும். சூரணம், லேகியம், மது, புகையிலை எதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொரு தவறு, டெஸ்ட்டுக்கு முன்பே சுயவைத்தியம். தினமும் காலையில் போடும் கேஸ் மாத்திரை, எச்.பைலோரி கிருமி இருந்தும் மூச்சுப் பரிசோதனையில் 'இல்லை' என்று காட்ட வைத்துவிடும். இந்த டெஸ்ட்டுக்கு முன் அந்த மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தச் சொல்வது வழக்கம். யூடியூப் பார்த்து சப்பாத்தி, பரோட்டாவை நிறுத்தியவர்களுக்கு கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருந்தாலும் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். எதை, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். குறிப்பாக இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது.

முன்பு காசநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ கேட்காமலே சொல்லிவிடுங்கள். குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்தியாவில் டாக்டர்களுக்கே இது பெரிய தலைவலி. கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு, காசநோயை இன்னும் முற்றச் செய்துவிடும். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் எந்த வயதில் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்கக் கூடாதவை

தார் போல கறுத்து ஒட்டும் மலம், ரத்த வாந்தி, தாங்க முடியாத வலி இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். விழுங்கும்போது சாப்பாடு அடைப்பது, டயட் இல்லாமலே எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, ரத்த சோகை இருந்தால் போன் செய்து தேதியை முன்னுக்குக் கேளுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். 40 வயதைத் தாண்டியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பயாப்ஸி எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுப்பது அவசியம். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் அன்று காலை மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது என்றும் கேட்க வேண்டும். அன்றே எண்டோஸ்கோபி செய்து அதற்கு மயக்க ஊசி போட்டால், அன்று முழுக்க பைக் ஓட்டக் கூடாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.